'தெளிவாக வரையறுக்கப்பட்ட' சிக்கல்: பஞ்சாலை வட்டாரத்தில் விளைவுக் கல்வி பற்றிச் சில குறிப்புகள்

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து வெளியே வருகிறவன் என்னவெல்லாம் செய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று தேசிய அங்கீகார வாரியம் ஏழு விளைவுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இரண்டாவது விளைவு சிக்கல்களை ஆராய்வது பற்றியது. 'தெளிவாக வரையறுக்கப்பட்ட' பொறியியல் சிக்கல்களை, ஏற்கெனவே எழுதி நிலைப்படுத்தப்பட்ட முறைகளைக் கொண்டு இனங்கண்டு ஆராய வேண்டும் என்கிறது அது. இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் முதலில் இடறுவது அதன் உள்முரண்தான். சிக்கல் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டாயிற்று என்றால் இனங்காண என்ன மிச்சமிருக்கிறது? யாரோ ஒருவர் முன்னமே இனங்கண்டு, எல்லை கட்டி, பெயர் வைத்துக் கீழே அனுப்பியிருக்கிறார். கீழே நிற்பவன் அதை மறுபடி ஒருமுறை இனங்கண்டுகொள்கிறான். வாத்தியார் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட, பையன் எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி.

அந்த யாரோ ஒருவர் யார் என்பதற்கு மூன்று சர்வதேச உடன்படிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பதில் கிடைக்கும். 1989-இன் வாஷிங்டன் உடன்படிக்கை பொறியாளருக்கானது. 2001-இன் சிட்னி உடன்படிக்கை தொழில்நுட்பவியலாளருக்கு. 2002-இன் டப்ளின் உடன்படிக்கை டெக்னீஷியனுக்கு. மூன்று பேருக்கும் மூன்று வகைச் சிக்கல்கள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னலான சிக்கல்கள் பொறியாளருக்கு. பரவலாக வரையறுக்கப்பட்டவை நடுவில் இருப்பவருக்கு. தெளிவாக வரையறுக்கப்பட்டவை டெக்னீஷியனுக்கு. கடைசி வகைக்கு அங்கே தரப்படும் விளக்கம் இன்னும் வெளிப்படையானது. அடிக்கடி வருபவை, எல்லோருக்கும் பழக்கமானவை, கோட்பாட்டறிவு கொஞ்சமும் செய்முறை அனுபவம் நிறையவும் இருந்தால் தீர்த்துவிடக் கூடியவை. இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது வாஷிங்டன் உடன்படிக்கையில்தான். ஆனால் நம் டிப்ளமோ மாணவனின் தலையில் எழுதப்பட்டிருப்பது டப்ளின் மொழி.

இதை வருணம் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறான் என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சரி, வருணம் என்ற சொல் வேண்டாம். உள்ளூரில் இதே ஏணி எப்படி எழுதப்பட்டது என்று மட்டும் பார்ப்போம். 2013 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தில் பத்துப் படிகள் இருந்தன (2023-இல் அவை எட்டாகக் குறைந்தன). ஒவ்வொரு படிக்கும் வேலையின் தன்மை, தொழிலறிவு, தொழில்திறன், அடிப்படைத் திறன், பொறுப்பு என்று ஐந்து கட்டங்கள். முதல் படியில் இருப்பவனுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. தொழிலில் புழங்கும் சொற்கள் பழகியிருந்தால் போதும். பொறுப்பு எதுவும் கிடையாது, எப்போதும் மேற்பார்வையின் கீழ். நான்காம் படியில் தகவலறிவு வருகிறது. ஐந்தாம் படியில் கொள்கைகளும் பொதுக் கருத்தாக்கங்களும் வருகின்றன. 'கோட்பாட்டறிவு' என்ற சொல் முதன்முதலாகத் தலைகாட்டுவது ஆறாம் படியில். ஐந்து படி ஏறி வந்த பிறகுதான் 'ஏன்' என்று கேட்கும் உரிமை ஒருவனுக்குச் சட்டகத்தில் ஒதுக்கப்படுகிறது. பேசில் பெர்ன்ஸ்டைன் அறிவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைத் தேடி வாழ்நாளெல்லாம் பாடத்திட்டங்களைக் குடைந்தார். இங்கே அரசே கட்டம் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறது.

*

இந்த ஏணியைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோயில் வரை போய்வரலாம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ். அவர் 1962-இல் இறக்க, அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே தொடங்கிய பாலிடெக்னிக். கிருஷ்ணன்கோயிலில் 1984-இல் வந்த, பின்னால் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்ட கலசலிங்கம் பொறியியல் கல்லூரி. ராஜபாளையத்திலேயே 2013-இல் வந்த ராம்கோ பொறியியல் கல்லூரி. பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் விசைத்தறிகள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் வீடுகள். ஒரே சாலையில் வாஷிங்டனும் டப்ளினும் எந்த உடன்படிக்கையிலும் சேராத வீட்டுத் தறியும் இருக்கின்றன. ஆலை முதலில் வந்தது, பள்ளி பிறகு வந்தது என்ற வரிசையைக் கவனம் கொள்ளுங்கள். தொழிற்கல்வி எங்குமே ஆலையின் நிழலில் வளர்ந்ததுதான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. அறுபதுகளில் பாலிடெக்னிக்குகள் தமக்கு வைத்துக்கொண்ட கேள்வி, இந்தப் பையனுக்கு என்ன சொல்லித்தருவது என்பது. இப்போதைய கேள்வி, இவன் என்ன செய்து காட்டினால் கணக்கு நேராகும் என்பது. இரண்டும் ஒரே கேள்வி என்று எண்ண வைப்பதில்தான் விளைவுக் கல்வி என்ற சொல்லாடலின் சாமர்த்தியம் இருக்கிறது.

விளைவு என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கரிசல்காட்டில் விளைவு என்றால் நிலம் தருவது. விதை, மழை, உழைப்பு, வெட்டுக்கிளி எல்லாம் சேர்ந்து தருவது. விளையாமல் போனால் யாரும் செடியைப் பெயில் ஆக்குவதில்லை. பாடத்திட்டத்துக்குள் வந்ததும் அதே சொல் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட ஒன்றாகிவிடுகிறது. அறுவடை செய்ய வேண்டியதை விதைப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. மழை பெய்யாதது கணக்கில் வராது.

இனி அந்தத் 'தெளிவாக வரையறுக்கப்பட்ட சிக்கல்' ஆலைக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்போம். நூற்பாலை வேலை தெரியாத வாசகர்களுக்கு ஒரு சுருக்கம். பஞ்சுப் பொதி உடைந்து புளோ ரூமில் தூசு நீங்கி, கார்டிங்கில் இழைபிரிந்து, டிராயிங்கில் நேராகி, சிம்ப்ளெக்ஸில் திரியாகி, ரிங் பிரேமில் முறுக்கேறி நூலாகிறது. ரிங் பிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் இருக்கும், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் சுற்று சுற்றும். அங்கே நடக்கிற எல்லாப் பஞ்சாயத்தும் ஒரே விஷயத்தில் வந்து முடியும்: இழை அறுகிறது. அறுந்தால் சைடு பார்க்கிற பெண் ஓடிவந்து இணைக்க வேண்டும். நூறு ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை அறுப்பு என்பதுதான் ஆலையின் நாடித்துடிப்பு.

இழை ஏன் அறுகிறது? டிராவலர் தேய்ந்திருக்கலாம். ஸ்பிண்டில் ஆடலாம். ரோலர் வட்டம் கெட்டிருக்கலாம். திரி சீராக இல்லாமல் இருக்கலாம். பஞ்சில் தேன்பசை இருந்து ரோலரில் சுற்றிக்கொள்ளலாம். பங்குனி வெயிலில் ஈரப்பதம் இறங்கியிருக்கலாம். ஆடிக்காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்து பஞ்சுத்தூசியைப் பறக்கவிட்டிருக்கலாம். அல்லது சைடு பார்க்கிற பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்து, அறுந்ததை இணைக்க ஆளில்லாமல் போயிருக்கலாம். அது இயந்திரக் கோளாறே கிடையாது.

ராஜபாளையம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ரிங் பிரேம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குச் சொன்னதை இங்கே தருகிறேன். "ராத்திரி ஷிப்டு தம்பி. ஒரு பிரேம்ல அறுந்துக்கிட்டே இருக்கு. சூப்பர்வைசர் வந்து டிராவலரை மாத்துன்னுட்டுப் போயிட்டாரு. மாத்தியாச்சு. நிக்கல. நான் ஒண்ணும் செய்யாம ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வேலை செய்யாம நிக்கிறான்னு ஒருத்தன் போய்ச் சொல்லிக் கொடுத்துட்டான், அது வேற. பாத்தா, ஒரு பக்கத்துலதான் அறுகுது. அதுவும் ஈசானி மூலைப் பக்கம் மட்டும். மிஷின்ல கோளாறுன்னா அப்படியா அறுகும்? அண்ணாந்து பாத்தேன். மேல ஈரக்காத்து வர்ற டக்டு வாய்ல பஞ்சு அடைச்சுக் கிடக்கு." சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று அண்ணாச்சி என்று கேட்டேன். "பத்து நிமிஷம். கண்டுபிடிக்கத்தான் ரெண்டு மணி நேரம்."

வரையறுப்பதற்கு இரண்டு மணி நேரம், தீர்ப்பதற்குப் பத்து நிமிடம். டப்ளின் உடன்படிக்கைப்படி இந்தப் பத்து நிமிடம் மட்டுமே டெக்னீஷியனுடையது. அந்த இரண்டு மணி நேரம் அவனுக்குரியதே இல்லை. அதாவது அவன் செய்துகொண்டிருக்கிற வேலையின் பெரும்பகுதி, அதுவும் அறிவார்ந்த பகுதி, அவனுடைய சான்றிதழிலிருந்து அழிக்கப்பட்டிருக்கிறது. ஆலை அதைக் கூலி கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறது. உபரி என்று மார்க்சியர்கள் சொல்வது நேரத்தில் மட்டும் இல்லை, இங்கேயும் இருக்கிறது. பிரேவர்மன் 1974-இல் எழுதியபோது, டெய்லரின் நிர்வாகம் தொழிலாளியின் தலையிலிருந்த அறிவைப் பிடுங்கித் திட்டமிடும் அறைக்குக் கொண்டுபோய்விட்டது என்றார். எனக்கு அதில் ஒரு திருத்தம் உண்டு. முழுவதையும் கொண்டுபோக அவர்களால் முடியவில்லை. முடியாததை என்ன செய்தார்கள் என்றால், அது இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். (நம் இலக்கியத்தையும் இந்த இடத்தில் கொஞ்சம் உதைக்க வேண்டும். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' தொடங்கி நம் நாவல்கள் தொழிலாளியின் பசியை எழுதியிருக்கின்றன. அவன் அறிவை எழுதியது குறைவு.)

*

கையை மறந்துபோனது புதிய கதை இல்லை. விளைவுக் கல்வியின் வேதம் என்று கல்லூரிகளில் கொண்டாடப்படும் புளூம் வகைப்பாடு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் சிலர் 1948-இல் பாஸ்டனில் கூடி, தங்களுக்குள் வினாக்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் என்று யோசித்ததில் இருந்து. 1956-இல் வந்த முதல் தொகுதி அறிவுசார் புலத்துக்கு. 1964-இன் இரண்டாம் தொகுதி உணர்வுசார் புலத்துக்கு. மூன்றாவதான கைத்திறன் புலத்துக்கு அந்தக் குழு தொகுதி எழுதவே இல்லை. கல்லூரித் தேர்வாளர்களுக்குக் கைவேலையைச் சோதித்துப் பழக்கம் இல்லை. பிறகு எழுபதுகளை ஒட்டி வேறு சிலர் ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள். அவர்களில் ஒருவர் சிகாகோவில் புளூமிடம் படித்து என்.சி.இ.ஆர்.டி.யில் பணியாற்றிய ஆர்.எச். தவே. பார்த்துச் செய்வது, சொன்னபடி செய்வது, துல்லியமாகச் செய்வது, இணைத்துச் செய்வது, இயல்பாகிவிடுவது என்று ஐந்து நிலைகள் அவருடையவை. புளூமே 1957-58-இல் இந்தியா வந்து பரீட்சைச் சீர்திருத்தப் பட்டறைகள் நடத்திவிட்டுப் போனவர். ஆக, இது நேற்று உலகமயத்தோடு இறங்கிய சரக்கு என்று நம்மவர்கள் மேடையில் பேசுவது அவ்வளவு சரியில்லை.

தமிழகத்தின் டிப்ளமோ பாடத்திட்டம் 2015-இல் எம் ஸ்கீம், 2020-இல் என் ஸ்கீம், பிறகு 2023 ஒழுங்குமுறை என்று மாறிமாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பாடத்துக்கு முன்னால் நிற்கும் விளைவுப் பட்டியலின் எடை கூடிக்கொண்டே வந்தது. பட்டியலோடு சேர்ந்து வந்தது கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகாரம் நுணுக்கமாகத் தங்கியிருப்பது அங்கேதான்.

ஒரு வகுப்பில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட விளைவுக்கு இத்தனை மதிப்பெண் இலக்கு என்று ஆசிரியர் நிர்ணயிக்கிறார். அறுபது சதவீதம் பேர், அதாவது 36 பேர், இலக்கைத் தொட்டால் அடைவு 1. எழுபது சதவீதம், 42 பேர் என்றால் 2. எண்பது சதவீதம், 48 பேர் என்றால் 3. பாட விளைவுக்கும் ஏழு பொது விளைவுகளுக்கும் இடையே ஒரு கட்டம். உறவு பலமானதா பலவீனமானதா என்று அதில் 3, 2, 1 எழுத வேண்டும். இரண்டையும் பெருக்கி மூன்றால் வகுத்துச் சராசரி எடுத்தால், 'வாழ்நாள் முழுதும் கற்கும் திறன்' இந்த ஆண்டு 1.74 என்பது போன்ற விடை கிடைக்கும். சென்ற ஆண்டு 1.69. முன்னேற்றம்! தென் மாவட்ட பாலிடெக்னிக் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரோடு ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து நான் இந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பாடத்தில் 35 பேர் வந்தது. ஒரு ஆள் குறைகிறது. நண்பர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இலக்கை ஐம்பதிலிருந்து நாற்பத்தெட்டாக்கினார். 39 பேர் வந்துவிட்டார்கள். "இதுக்குப் பேர்தான் தொடர் மேம்பாடு" என்றார். சிரிக்கவில்லை.

நண்பரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இலக்கை எட்டவில்லை என்று எழுதினால் ஏன் எட்டவில்லை, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று இன்னும் மூன்று தாள் நிரப்ப வேண்டும். பட்டறையில் இரண்டு லேத் ஓடவில்லை என்று அதில் எழுத முடியாது, எழுதினால் கையெழுத்து வாங்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தாள்கள் எதிலும் பையனின் பெயர் இல்லை. அரம் பிடித்தால் தட்டையாகத் தேய்க்க வராமல் நடுவில் மேடு விழுந்துவிடுகிற ஒரு குறிப்பிட்ட பையன், அவன் கை உயரத்துக்கு வைஸ் சரியாக அமையவில்லை என்பது, இந்த முழு எந்திரத்துக்கும் தெரியாது. பரீட்சை என்பது தனிமனிதனை எழுத்துக்குள் கொண்டுவந்து கண்காணிக்கும் சடங்கு என்று ஃபூக்கோ 1975-இல் சொன்னார். இங்கே நடப்பது அதற்கு அடுத்த கட்டம். பரீட்சை எழுதுகிறவன் மறைந்துபோய், பரீட்சை நடத்துகிறவர் கண்காணிப்புக்குள் வந்துவிட்டார். மாணவன் ஆசிரியரைச் சோதிக்கப் பயன்படும் ஒரு மூலப்பொருள். பஞ்சு மாதிரி.

*

இதுவரை படித்த சில நண்பர்கள் தலையாட்டியிருப்பார்கள். எழுத்தில் அடங்காத கைப்பக்குவம், மைக்கேல் போலான்யி சொன்ன மறைநிலை அறிவு, மண்ணின் தொழில்மரபு என்று அடுத்த அடி வைக்கத் தயாராக இருப்பார்கள். அந்தப் பக்கம் நான் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பூரத்துக்கு ஓடுகிற தேர். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வைப்பதற்கு முன்னால் நிலைக்கு வந்துசேரப் பல நாள் பிடித்த தேர். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அதை ஓட்டுவது சக்கரத்தடியில் கட்டை போடுகிற சில பேர்தான். எப்போது சறுக்குக்கட்டை, எப்போது முட்டுக்கட்டை, எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சாய்வில் என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். (தடை என்ற அர்த்தத்தில் முட்டுக்கட்டை என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோமே, அது இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் போய்விடும்.) வரையறுக்கப்படாத சிக்கலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் இந்த அறிவு யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது? தகப்பனிடமிருந்து மகனுக்கு. வெளியிலிருந்து ஒருவன் வந்து எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்க அங்கே இடமில்லை. எழுதாத அறிவுக்கு வாசல் கிடையாது. வாசல் இல்லாத இடத்தில் யாரை வெளியே நிறுத்துவது என்று தனியாகச் சட்டம் போட வேண்டியதும் இல்லை. ஆலையிலும் பழைய மேஸ்திரிகள் செட்டிங் வைக்கும்போது முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் வைத்தார்கள். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வந்த பையன் ரோலர் செட்டிங் கற்றது மேஸ்திரியின் கருணையால் இல்லை, பாலிடெக்னிக்கின் அச்சிட்ட பாடத்தால்.

ஆகவே எழுதப்பட்ட விளைவு என்பதற்கு ஒரு சனநாயக முகம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லாடலைக் கொண்டுவந்ததில் உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சாவுக்குப் பெரிய பங்கு உண்டு. நிறவெறி ஆட்சியில் கறுப்புத் தொழிலாளி இருபது வருடம் வெல்டிங் செய்தாலும் அவன் எடுபிடிதான், சான்றிதழ் வெள்ளையனுக்கு. எங்கே கற்றான் என்று கேட்காதே, என்ன செய்யத் தெரியும் என்று கேள் என்றது சங்கம். எவ்வளவு நியாயமான கேள்வி! 1995-இல் தகுதிச் சட்டகத்துக்கான சட்டம் வந்தது. 1997-இல் அறிவிக்கப்பட்ட 'பாடத்திட்டம் 2005' அதே விளைவு மொழியைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. 2010-இல் அரசே விளைவுக் கல்வியைக் கைவிடுவதாக அறிவித்தது. என்ன கற்பிப்பது என்பதை எழுதாமல் என்ன விளைய வேண்டும் என்பதை மட்டும் எழுதியதால், புத்தகமும் ஆய்வகமும் உள்ள பள்ளிகள் தாக்குப்பிடித்தன; இல்லாத பள்ளிகள் வெறும் சொற்களோடு நின்றன. ஸ்டெஃபனி அலே இதையெல்லாம் 2014-இல் நூலாகவே எழுதினார். தொழிலாளியின் கோரிக்கையாகப் பிறந்தது சந்தையின் அளவுகோலாக முடிந்த இந்தக் கதையைச் செயல்பாட்டாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

நும்சா கேட்ட அதே கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த பதில், 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் திட்டத்தின் கீழ் நடக்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்'. ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குச் சில நாள் அறிமுக வகுப்பு, ஒரு மதிப்பீடு, ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் காட்டினால் கூலி உயர்த்த வேண்டும் என்று எந்த முதலாளியையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

*

இந்த மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். அவருக்கு அடுத்து வந்த ராஜாஜி 1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத்தொழில் என்று கொண்டுவந்ததைத்தான் பெரியார் இயக்கம் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் அதைக் குப்பையில் போட்டது விருதுநகர்க்காரரான காமராசரின் அமைச்சரவை. அந்த நினைவு இன்னும் வேலை செய்கிறது. 2023-இல் பதினெட்டுத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் வந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை சாதியை உறுதிசெய்யும் என்று சொல்லித் தமிழக அரசு 2024 நவம்பரில் அதை ஏற்க மறுத்தது. வயது 35 ஆக வேண்டும், குடும்பத் தொழில் நிபந்தனை போக வேண்டும் என்றது. 2025-இல் தனக்கென்று கைவினைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சரியான எதிர்ப்புதான்.

ஆனால் நம் சமூகநீதி அரசியலுக்குத் தகப்பன்–மகன் சங்கிலி கண்ணில் படுகிற அளவுக்குப் படிக்கட்டு கண்ணில் படுவதில்லை. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீனப்படுத்த 2022-இல் ஒப்பந்தமானபோது, ரோபோவும் சி.என்.சி.யும் வருவதை எல்லோரும் வரவேற்றோம். நானும் வரவேற்கிறேன், துருப்பிடித்த லேத்தில் யாருக்கும் விடுதலை இல்லை. அந்த ரோபோவின் முன்னால் நிற்கப்போகிறவனுக்கு எந்தப் படி அறிவு தரப்படும் என்று சட்டசபையிலோ சங்கத்திலோ யார் கேட்டார்கள்? யார் படிக்கலாம் என்ற கேள்வியை நாம் ஓரளவு வென்றிருக்கிறோம். படிக்க வந்தவனுக்கு எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வி இன்னும் தொடப்படவே இல்லை.

தொடாமல் விட்டதன் விலையைச் சட்டத்தில் பார்க்கலாம். 1961-இன் பயிற்சியாளர் சட்டம், 18-ஆம் பிரிவு: அப்ரண்டிஸ்கள் பயிற்சி பெறுவோர், தொழிலாளர் இல்லை. தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தா. 1981-இல் தமிழகம் கொண்டுவந்த சட்டம் இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொன்னது. எனவே ஆலைகளுக்கு 480 நாளைக் கடந்தும் 'கற்றுக்கொண்டே' இருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர் வாங்கிய முறையில், மூன்று வருடம் ஆலை விடுதியில் அடைபட்டு ரிங் பிரேம் ஓட்டிய பெண்பிள்ளைகள் ஏட்டில் என்னவாக இருந்தார்கள்? பயிற்சியாளர்களாக. பஞ்சாலைப் பயிற்சியாளருக்கும் குறைந்தபட்சக் கூலி என்று 2008-இல் அரசு தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. 2011-இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இது பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுத் துணிக்கடைகள் விழித்துக்கொண்டன. இழை இணைக்கக் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணுக்குச் சில வாரம் போதும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். மீதி இரண்டே முக்கால் வருடம் அவள் கற்றது என்ன? கற்றல் என்ற சொல் அங்கே உழைப்பின் மேல் போர்த்திய துணி. 2014-இல் பயிற்சியாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத்தண்டனை நீங்கி அபராதம் மட்டும் மிஞ்சியது.

இதையும் விளைவுப் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பிட்டர் பாடத்திட்டத்தில் கூடவோ குறையவோ 0.25 மில்லிமீட்டருக்குள் வேலை அமைய வேண்டும் என்று துல்லியம் எழுதப்பட்டிருக்கிறது. பையனுக்குக் கால் மில்லிமீட்டர் வரை கணக்கு இருக்கிறது. அவனுக்கு யார் சொல்லித்தருவார், எத்தனை பேருக்கு ஒரு வைஸ், ஆலைக்குப் போனால் எத்தனையாவது நாளில் அவன் கற்றவனாகி முழுக்கூலிக்கு உரியவனாவான் என்பதற்கெல்லாம் அளவு எதுவும் கிடையாது.

அந்த அளவுகளைக் கேட்கத் தொடங்கலாம். விளைவுப் பட்டியலைக் கிழித்துப்போடுவது சுலபம். சுவரில் ஒட்டி, பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்ப்பது கடினம்: இதற்கு நிறுவனம் கடன்பட்டிருப்பது என்ன? எத்தனை மணி நேரம், எந்த இயந்திரம், என்ன கோட்பாடு? சங்கத்தில் இருக்கிற நண்பர்கள் பயிற்சியாளர்களைத் தங்கள் ஆட்களாகவே இதுவரை எண்ணியதில்லை, அவர்களிடம் சந்தா வாங்க முடியாது என்ற காரணத்தால். அவர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்கள் சிலரும் ஓய்வுபெற்ற பிட்டர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், ரிங் பிரேமுக்கான வேறொரு பட்டியலை எழுதிவிட முடியும். இழை அறுந்தால் முதலில் எங்கே பார்ப்பாய், அதற்குப் பிறகு எங்கே, ஏன் என்று. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் ஏழெட்டுக் காரணங்களை அங்கேயே வரிசையாகச் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் இரண்டு காரணங்களுக்கு விளக்கம் இயற்பியலில் இருக்கிறது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பாடம் அவருடைய படியில் வரவில்லை.